பெரிய கட்டடம் யார் பார்க்க? – வாசகர் கேள்வி பதில்

இரண்டு இதழ்களுக்கு முன், தஞ்சைப் பெரிய கோவிலைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். 'பக்தியால் எழுந்த கோவில் என்பது பாதிதான், மீதிப் பாதி ராஜராஜனின் அரசியல்' என்று ஒரே வரியில் பதில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களைப் பார்த்தால், பக்கம் பக்கமாக எழுதிய பதில்களுக்குக்கூட இவ்வளவு வந்ததில்லை. பாதிப் பேர் திட்டியிருக்கிறார்கள், மீதிப் பேர் மேலும் கேட்டிருக்கிறார்கள். அதனால் இந்த முறை சினிமா, சமையல், கிரிக்கெட் கேள்விகளுக்கெல்லாம் விடுமுறை.

கேள்வி: கோவிலைப் போய் அரசியல் என்கிறீர்களே, தன்னைச் 'சிவபாதசேகரன்' என்று சொல்லிக்கொண்ட மன்னனின் பக்தியைச் சந்தேகப்பட உங்களுக்கு எப்படி மனம் வந்தது? (வாசகர், கும்பகோணம்)

ஐயா, அவர் பக்தியை நான் சந்தேகப்படவே இல்லை. பக்தியும் அரசியலும் ஒரே மனிதரிடம் இருக்கக்கூடாது என்று யார் சொன்னது? அந்தக் காலத்தில் இரண்டையும் பிரித்துப் பார்க்கும் வழக்கமே கிடையாது, பிரிப்பது நாம்தான்.

கோவிலுக்கு அவர் வைத்த பெயரையே பாருங்கள். ராஜராஜேச்சரம். ராஜராஜனுடைய ஈசன் இருக்கும் இடம். தேவாரம் பாடிய நாயன்மார்கள் காலடி பட்ட பழைய தலம் எதையாவது எடுத்துப் பெரிதாக்கிக் கட்டியிருக்கலாம், சோழ நாட்டில் அதற்குப் பஞ்சமா என்ன. அதைச் செய்யாமல் தன் தலைநகரில், தன் பெயரில், அதுவரை அந்த நாட்டில் யாரும் கண்டிராத உயரத்தில், 200 அடிக்கு மேல் ஒரு விமானத்தை, அதாவது கருவறைக்கு மேலே எழும் கோபுரத்தை, நிறுத்துகிறார். உள்ளே போக முதலில் தாண்ட வேண்டிய வாசலுக்குப் பெயர் கேரளாந்தகன் திருவாசல். கேரளாந்தகன் என்றால் சேரனுக்கு எமன். அது ராஜராஜனின் பட்டப்பெயர்களில் ஒன்று. அதாவது சாமி கும்பிட வருகிற ஒவ்வொருவரும் சேரனை வென்றவனின் பெயருக்குக் கீழே குனிந்துதான் உள்ளே வருகிறார்கள். அதைத் தாண்டினால் அடுத்தது ராஜராஜன் திருவாசல்.

உள்ளே கல்வெட்டுகள் இன்னும் வெளிப்படையானவை. கோவிலுக்குக் கொடுத்த பாத்திரங்களில் எவை 'சேரமானையும் பாண்டியர்களையும் மலைநாட்டு எறிந்துகொண்ட' பண்டாரத்திலிருந்து, அதாவது கருவூலத்திலிருந்து, வந்தவை என்று கூச்சமே இல்லாமல் எழுதி வைத்திருக்கிறார்கள். எறிந்து என்றால் அடித்து நொறுக்கி. மேலைச் சாளுக்கியன் சத்தியாசிரயனை வென்று திரும்பி வந்து, இறைவன் காலடியில் பொன் பூக்களை இட்டு வணங்கியதும் அதே சுவரில் இருக்கிறது. விமானத்தின் மேல்வரிசை மாடங்களில் முப்புரம் எரித்த சிவனைத் திரும்பத் திரும்பச் செதுக்கியிருக்கிறார்கள். நடமாடும் சிவன், பிச்சைக்குப் போகும் சிவன், உமையோடு அமர்ந்த சிவன் என்று எத்தனையோ கோலங்கள் இருக்க, வில்லேந்திய சிவனே வரிசையாக நிற்கிறார் என்றால், அதைத் தேர்ந்தெடுத்தவர் மனதில் என்ன ஓடியது என்று யோசிக்கலாம் அல்லவா?

அப்புறம் இன்னொன்று. ராஜராஜன் அரியணைக்கு வந்த வழி அவ்வளவு சுமுகமானதல்ல. அண்ணன் ஆதித்த கரிகாலன் கொலையானார், நடுவில் உத்தம சோழர் ஆண்டார், அதற்குப் பிறகுதான் 985-இல் இவர் முறை வந்தது. கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் சொத்தைப் பறிமுதல் செய்தது பற்றிய உடையார்குடிக் கல்வெட்டு இவருடைய இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. இப்படிப் பட்டத்துக்கு வந்த ஒருவருக்கு, 'இனி இந்த நாட்டில் என்னைத் தவிர யாருமில்லை' என்று ஊரறியச் சொல்ல வேண்டிய தேவை இருந்திருக்கும் என்பது என் கணிப்பு. ஒப்புக்கொள்ளாவிட்டால் பரவாயில்லை. ஆனால் பொதுவாகவே பெரிய கட்டடத்தைப் பார்க்கும்போது, கட்டியவருக்கு எவ்வளவு பலம் இருந்தது என்பதோடு, எதை நிரூபிக்க வேண்டியிருந்தது என்றும் கேட்டுப் பார்ப்பது என் வழக்கம்.

கேள்வி: இவ்வளவு பெரிய கோவிலுக்குச் செலவு யார் செய்தார்கள்? மக்கள் தலையில் வரியா? அடிமைகளை வைத்துக் கட்டியதாக ஒருவர் சொல்கிறார், உண்மையா? (வாசகி, பட்டுக்கோட்டை)

கட்டும்போது கல் சுமந்தவருக்கு என்ன கூலி என்பதைக் கோவில் சுவர் சொல்வதில்லை. அதனால் அடிமையா கூலியா என்று அடித்துப் பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை. பெருந்தச்சனின் பெயர் மட்டும் இருக்கிறது: குஞ்சரமல்லனான இராஜராஜப் பெருந்தச்சன். அரசன் பெயரையே தச்சனுக்குப் பட்டமாகக் கொடுத்திருக்கிறார்கள். பெரிய மரியாதைதான், கூடவே கட்டியவன் பெயரிலும் அரசன் பெயரே முன்னால் நிற்கிறது.

ஆனால் கட்டி முடித்த பிறகு கோவில் எப்படி நடந்தது என்பதற்குக் கணக்கு இருக்கிறது, அதுதான் எனக்கு விமானத்தைவிட ஆச்சரியம். ராஜராஜனின் 26-ஆம் ஆட்சியாண்டில், தஞ்சை அரண்மனையின் கீழைத் திருமஞ்சனசாலையில் (நீராடும் மண்டபத்தில்) இருந்தபடி ஓர் ஆணை போடுகிறார்: நாம் கொடுத்தனவும், அக்கன் கொடுத்தனவும், நம் பெண்டுகள் கொடுத்தனவும், மற்றும் கொடுத்தார் கொடுத்தனவும் ஸ்ரீவிமானத்துக் கல்லிலே வெட்டுக. அக்கன் என்றால் குந்தவை. அன்றிலிருந்து உளி நிற்கவே இல்லை. இன்ன திருமேனி இத்தனை முழம் இத்தனை விரல் உயரம், இன்ன நகையில் இத்தனை முத்து, அதில் தோல் உரிந்த முத்து எத்தனை என்பது வரைக்கும் வெட்டியிருக்கிறார்கள்.

அந்தக் கணக்கில் ஓர் இடத்தை மட்டும் கிட்டப்போய்ப் பார்ப்போம். சோழ நாட்டின் பல ஊர்க் கோவில்களிலிருந்து தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோவிலில் ஆடும் பெண்கள், 400 பேரைக் கொண்டுவந்து, கோவிலைச் சுற்றித் தெருக்கள் அமைத்துக் குடியேற்றினார்கள். இன்ன தெரு, இன்ன சிறகு (வீட்டு வரிசை), இத்தனையாவது வீடு, எந்த ஊரிலிருந்து வந்தவள், பெயர் என்ன என்று வரிசையாக, பெயருக்கு முன்னால் நக்கன் நக்கன் என்று 400 பெயர்கள். இன்றைய வாக்காளர் பட்டியல்கூட இவ்வளவு ஒழுங்காக இருக்காது. ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஒரு பங்கு, பங்குக்கு 100 கலம் நெல். இவர்களுக்கு மட்டுமே ஆண்டுக்கு 40,000 கலம். இது போக நட்டுவர், பாடுவோர், கொட்டுவோர், தையற்காரர், நாவிதர், கணக்கர் என்று பட்டியல் நீள்கிறது. அந்தப் பெண்களிடம் 'வருகிறீர்களா' என்று யாராவது கேட்டார்களா என்பதுதான் அந்தப் பட்டியலில் இல்லை. காவலுக்கு ஆள் அனுப்ப வேண்டிய ஊர்கள், பண்டாரம் காக்க ஆள் அனுப்ப வேண்டிய பிராமண ஊர்கள் என்று நாடு முழுவதும் தனித்தனியாகப் பெயர் சொல்லி உத்தரவு. ஒரு விளக்குக்கு 96 ஆடு. ஆட்டை வாங்கிக்கொண்டவர் தினமும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு சாகும், கிழடாகும், ஆனால் கணக்கில் அது 'சாவா மூவாப் பேராடு'. எண்ணிக்கை குறையவே கூடாது.

கோவில் பணமும் சும்மா பெட்டியில் தூங்கவில்லை. ஊர்ச் சபைகளுக்குக் கடனாகப் போனது, ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி. நூற்றுக்குப் பன்னிரண்டரை. ஆக, பல நாள் நடைதூரத்தில் இருக்கிற ஒரு சபை கூடித் தஞ்சைக்கு வட்டி கட்டுவது பற்றிப் பேசும்போது, விமானத்தைக் கண்ணால் பார்க்காதவருக்கும் அதன் கனம் தெரிந்திருக்கும். அதிகாரம் என்று நான் சொன்னது உயரத்தை மட்டுமல்ல, இதையும் சேர்த்துத்தான்.

கேள்வி: விமானத்தின் நிழல் தரையில் விழாது, உச்சியில் இருப்பது 80 டன் எடையுள்ள ஒரே கல், உண்மைதானே? (9-ஆம் வகுப்பு மாணவர், அரியலூர்)

தம்பி, நிழல் விழும். மாலையில் போய்ப் பார், நன்றாகவே விழும். உச்சியில் இருப்பதும் ஒரே கல் அல்ல, பல துண்டுகளைச் செதுக்கிப் பொருத்தியது. அதற்காக வருத்தப்படாதே, அவ்வளவு உயரத்தில் தனித்தனித் துண்டுகளை இடுக்கு தெரியாமல் பொருத்துவது ஒரே கல்லை இழுத்துப் போய் வைப்பதற்குக் குறைந்த வேலை இல்லை. உச்சிக் கலசத்தைப் பற்றி உறுதியான சேதி வேண்டுமானால் கல்வெட்டே தருகிறது: ராஜராஜனின் 25-ஆம் ஆட்சியாண்டு, 275-ஆம் நாள், செப்புக்குடம் கொடுக்கப்பட்டது. கி.பி. 1010. இதை எழுதினால் பரீட்சையில் மதிப்பெண்ணும் கிடைக்கும், நிழல் கதையை எழுதினால் கிடைக்காது.

கேள்வி: தமிழ் மன்னன் என்று நீங்கள் அங்கே கொண்டாடுகிற சோழன் ஈழத்தில் செய்ததைப் பற்றி ஏன் ஒருவரும் எழுதுவதில்லை? (வாசகர், யாழ்ப்பாணம்)

நியாயமான கேள்வி. தஞ்சைக் கோவிலுக்கு நெல்லும் காசும் இலுப்பை எண்ணெயும் தர வேண்டிய ஊர்களில் ஈழத்து ஊர்களும் உண்டு. பெயர்களோடு அதே கோவிலில் வெட்டப்பட்டிருக்கின்றன. ஈழமான மும்முடிச் சோழமண்டலம் என்று நாட்டுக்கே தன் பட்டத்தைச் சூட்டினார் ராஜராஜன். பொலன்னறுவை ஜனநாதமங்கலம் ஆனது, அங்கே எழுந்த சிவன் கோவிலுக்கு வானவன்மாதேவி ஈச்சரம் என்று பெயர், ராஜராஜனின் தாயாரின் பெயர். இரண்டாம் சிவ தேவாலயம் என்று இன்று பலகை வைத்திருக்கிறார்களே, அதுதான். தஞ்சையோடு ஒப்பிட்டால் மிகச் சின்னக் கோவில், ஆனால் வேலை ஒன்றே: இனி இங்கே யாருடைய ஆட்சி என்று கல்லில் சொல்வது. அவர் மகன் ராஜேந்திரன் காலத்தில் ஈழத்து மன்னன் ஐந்தாம் மகிந்தனையே சிறைபிடித்துச் சோழ நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். வென்றவன் மொழி நம் மொழி என்பதால் தோற்ற ஊருக்கு வலி குறைந்திருக்காது.

கேள்வி: சோழர் கோவில்கள் நிற்கின்றன. அவர்கள் வாழ்ந்த அரண்மனை எங்கே? (வாசகர், ஜெயங்கொண்டம்)

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது சார், கங்கைகொண்ட சோழபுரத்துக்கு அருகே மாளிகைமேடு. செங்கல் சுவர் அடித்தளங்களும் தூண் நட்ட குழிகளும் ஓடுகளும்தான் மிச்சம். சாமிக்குக் கல், மனிதனுக்குச் செங்கல்லும் மரமும் என்பது அந்தக் கால வழக்கம், அரசனாக இருந்தாலும். செங்கல் மாளிகை கவனிப்பாரில்லாமல் போனால் தானாகவே விழும்.

ஆனால் எல்லாம் தானாக விழவில்லை. 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாறவர்மன் சுந்தரபாண்டியன் படையெடுத்து வந்தார். தஞ்சையையும் உறந்தையையும் (உறையூரை) 'செந்தழல் கொளுத்தி' என்று அவருடைய மெய்க்கீர்த்தி, அதாவது கல்வெட்டில் வரும் புகழ்ப்பாட்டு, பெருமையாகப் பாடுகிறது. அதோடு விடாமல், இடித்த இடத்தைக் 'கழுதை கொண்டுழுது கவடி வித்தி' என்றும் சொல்கிறது. கழுதையை ஏரில் பூட்டி உழுது வெள்வரகு விதைப்பது சங்க காலத்திலிருந்தே வருகிற அவமானம். மாளிகை, மண்டபம், மதில் எல்லாம் போனது. கோவிலில் கைவைக்கவில்லை. அடுத்த நாட்டு அரசனை அவமானப்படுத்த வேண்டும், ஆனால் அவன் கும்பிட்ட சிவனைத்தான் இவனும் கும்பிடுகிறான், என்ன செய்ய? சங்க காலத்துக் கரிகாலச் சோழன் ஒரு புலவருக்குக் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட பதினாறுகால் மண்டபத்தையும் பாண்டியர் விட்டுவைத்ததாகத் திருவெள்ளறைப் பாட்டு ஒன்று சொல்கிறது. எதை இடித்தால் அரசியல், எதை இடித்தால் பாவம் என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை.

கோவில்களும் முழுக்கத் தப்பிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கங்கைகொண்ட சோழபுரத்துக் கோவிலின் மதில் கற்களை 1836 வாக்கில் வெள்ளைக்காரப் பொறியாளர்கள் கீழணை கட்ட எடுத்துப் போனார்கள். கங்கை வரை படை அனுப்பி, அந்த நீரைக் கொண்டுவந்து ஏரியில் விட்டு, அதை நீரால் ஆன வெற்றித்தூண் என்று செப்பேட்டில் எழுதிய ராஜேந்திரனின் கோவில் கல், கொள்ளிடத்தில் தண்ணீர் தேக்கப் போனது. விவசாயிக்கு ஆனதென்று நினைத்துத் தேற்றிக்கொள்ளலாம்.

கேள்வி: டெல்லி ராஷ்டிரபதி பவனைப் பார்த்துவிட்டு வந்தேன். வெள்ளைக்காரன் கட்டியதை இடிக்காமல் நம் குடியரசுத் தலைவரே அதில் இருப்பது சரியா? (வாசகர், திருநெல்வேலி)

இடித்தால் யாருக்கு நஷ்டம்? காசு நம்முடையது.

1911 டிசம்பரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் டெல்லி தர்பாரில் தலைநகர் கல்கத்தாவிலிருந்து டெல்லிக்கு மாறுகிறது என்று அறிவித்தார். வங்கத்தில் அப்போது கொந்தளிப்பு. சும்மா இடம் மாறினால் பயந்து ஓடியது போல இருக்கும், மொகலாயர் நகருக்குப் பக்கத்தில் அதைவிடப் பெரிதாகக் கட்டினால் கம்பீரமாக இருக்கும். ரைசினா, மால்ச்சா கிராமத்துக்காரர்களை நிலம் கையகப்படுத்தும் சட்டத்தின் கீழ் வெளியேற்றிவிட்டு, லட்யன்ஸ், பேக்கர் என்ற இரண்டு கட்டடக் கலைஞர்களிடம் வேலையைக் கொடுத்தார்கள். அவர்களுக்குள் ஒரு சண்டை, எனக்குப் பிடித்த சண்டை. மேட்டின் உச்சியில் வைசிராய் மாளிகை மட்டும் இருக்க வேண்டும் என்பது லட்யன்ஸின் ஆசை. அதிகாரிகளின் செயலகமும் அதே மட்டத்தில் வேண்டும் என்றார் பேக்கர். பேக்கர் ஜெயித்தார், மாளிகை பின்னால் தள்ளிப் போனது. விளைவு, இந்தியா கேட் பக்கமிருந்து நடந்து வரும்போது நேர் எதிரே தெரிகிற மாளிகை, சரிவை நெருங்க நெருங்கக் கீழே இறங்கி மறைந்து, குவிமாடம் மட்டும் எட்டிப் பார்க்கும். அடுத்த முறை போனால் நடந்து பாருங்கள். லட்யன்ஸ் இதைச் சரிசெய்ய எவ்வளவோ போராடினார், நடக்கவில்லை. உலகத்திலேயே பெரிய சாம்ராஜ்யத்தின் பிரதிநிதியை மறைத்தது ஒரு மண் சரிவும் இரண்டு அரசு அலுவலகங்களும்.

வடக்குச் செயலகத்தின் வாசலுக்கு மேலே ஒரு வாசகம் இருக்கிறது. விடுதலை தானாக மக்களிடம் இறங்கி வராது, மக்கள்தான் அதற்குத் தக்கபடி உயர வேண்டும், தகுதியால் ஈட்டிய பிறகே அனுபவிக்க வேண்டிய வரம் அது என்று பொருள். ஆள வந்தவன் ஆளப்படுகிறவனுக்கு வகுப்பெடுக்கிறான், அதுவும் ஆளப்படுகிறவன் வரிப்பணத்தில் வாங்கிய கல்லில். 1931 பிப்ரவரியில் திறப்பு விழா, 1947 ஆகஸ்டில் கிளம்பிவிட்டார்கள். பதினாறரை ஆண்டு.

நம்மவர்களில் முதலில் அங்கே கவர்னர் ஜெனரலாகக் குடிபோனவர் ராஜாஜி. 340 அறைகள் கொண்ட வீட்டில் வைசிராயின் படுக்கையறை அவருக்குத் தோதுப்படவில்லை, விருந்தினர் பக்கத்துச் சின்ன அறைகளுக்கு மாறிக்கொண்டார். பின்னால் வந்த குடியரசுத் தலைவர்களும் அந்தப் பக்கத்தையே பயன்படுத்தினார்கள். இடிப்பதைவிட இது நல்ல பதில் என்பது என் எண்ணம். இந்தியா கேட் பக்கத்து மண்டபத்தில் நின்ற ஐந்தாம் ஜார்ஜ் சிலையை 1960-களில் எடுத்தார்கள், 2022-இல் நேதாஜி சிலை வந்தது, நடுவில் ஐம்பது ஆண்டுக்கு மேல் அந்த மண்டபம் காலி. அந்தக் காலி மண்டபம் எனக்குப் பிடித்திருந்தது. சரி, என் ரசனையை யார் கேட்டார்கள்.

கேள்வி: சர்வாதிகாரிகளுக்கு மட்டும் ஏன் இந்தக் கட்டடப் பைத்தியம்? ஹிட்லர்கூட ஏதோ பெரிய மண்டபம் கட்ட நினைத்தாராமே? (வாசகர், கோவை)

நினைத்தார். பெர்லினில் 290 மீட்டர் உயரக் குவிமாட மண்டபம், ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் உள்ளே நிற்கலாம், வரைந்தவர் ஆல்பர்ட் ஸ்பீர். பெர்லின் மண் இளகல். தாங்குமா என்று பார்க்க 1941-இல் 12,650 டன் எடையுள்ள ஒரு காங்கிரீட் உருளையைச் செய்து நிறுத்தினார்கள். மூன்று ஆண்டுக்குள் 18 செ.மீ.க்கு மேல் உள்ளே இறங்கிவிட்டது. மண்டபம் வரவே இல்லை, உருளை இன்னமும் குடியிருப்புகளுக்கு நடுவே நிற்கிறது. வெடி வைத்தால் பக்கத்து வீடுகளும் போகும், ஆகவே பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று அறிவித்துவிட்டார்கள்.

ஆனால் பைத்தியத்தை முழுசாகப் பார்க்க வேண்டுமானால் ருமேனியாவுக்குப் போக வேண்டும். அந்த நாட்டைச் சர்வாதிகாரியாக ஆண்ட நிக்கோலாய் சௌசெஸ்கு 1971-இல் சீனாவுக்கும் வடகொரியாவுக்கும் போய் அங்கிருந்த அகலச் சாலைகளையும் மைதானங்களையும் பார்த்து மயங்கி வந்தார். 1977 மார்ச்சில் பூகம்பம், 1,500 பேருக்கு மேல் பலி, தலைநகர் புக்கரெஸ்டில் நிறைய வீடுகள் விழுந்தன. இதுதான் சாக்கு என்று, விழாத வீடுகளையும் சேர்த்து இடித்து நகரத்தின் நடுவே புது அதிகார மையம் கட்ட முடிவு செய்தார். உரானுஸ் என்ற மேட்டுப் பகுதியே வரைபடத்திலிருந்து காணாமல் போனது. பல்லாயிரம் குடும்பங்கள் கொஞ்ச நாள் அவகாசத்தில் மூட்டை கட்டின. நாயை எங்கே கொண்டுபோவது? அடுக்குமாடிக் குடியிருப்பில் இடமில்லை. தெருவில் விட்டுவிட்டுப் போனார்கள், புக்கரெஸ்டின் தெருநாய்த் தொல்லை அதற்குப் பிறகு பல ஆண்டு நீடித்தது.

தேவாலயங்களும் இடிபட்டன, 18-ஆம் நூற்றாண்டின் வகரெஷ்டி மடாலயம் உட்பட. சிலவற்றை யூஜெனியு யோர்டாகெஸ்கு என்ற பொறியாளர் காப்பாற்றிய விதம் நம்பவே முடியாதது. கட்டடத்தை அடியோடு அறுத்து, கீழே காங்கிரீட் தட்டு கொடுத்து, தண்டவாளத்தில் ஏற்றி, மெல்ல மெல்ல உருட்டி வேறு இடத்தில் கொண்டுபோய் வைத்தார். மிஹாய் வோடா தேவாலயம் இப்படி 289 மீட்டர் நகர்ந்தது. இன்றும் அடுக்குமாடிக் கட்டடங்களுக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாதபடி நிற்கிறது. மறைக்க வேண்டும் என்பதுதானே நிபந்தனை.

1984-இல் அந்த அதிகார மையத்தின் அரண்மனை வேலை தொடங்கியது. தலைமைக் கட்டடக் கலைஞர் அங்கா பெட்ரெஸ்கு, அப்போது முப்பதுகளில் இருந்த பெண். 84 மீட்டர் உயரம், ஆயிரத்துக்கும் மேல் அறைகள், 3,65,000 சதுர மீட்டர் பரப்பு. சௌசெஸ்குவுக்கு வரைபடம் பார்த்துப் புரிந்துகொள்ள வராது, அதனால் பெரிய பெரிய மாதிரிகள் செய்து காட்டுவார்கள், அவர் பார்த்துவிட்டு மாற்றச் சொல்வார், கட்டி முடித்ததை உடைத்து மறுபடி கட்டுவார்கள். அதே ஆண்டுகளில் வெளிநாட்டுக் கடனை அடைக்கிறேன் என்று விளைந்த உணவையெல்லாம் ஏற்றுமதி செய்துகொண்டிருந்தார். மக்களுக்கு ரொட்டியும் சர்க்கரையும் அளந்து கொடுத்தார்கள், அந்தக் குளிரில் வீடுகளுக்கு வெப்பமும் மின்சாரமும் பாதி நேரம்தான். உள்ளே பளிங்கும் படிக விளக்குகளும் டன் கணக்கில் ஏறிக்கொண்டிருந்தன. 1989 டிசம்பரில் மக்கள் கிளம்பினார்கள், 25-ஆம் தேதி அவரையும் மனைவியையும் சுட்டுக் கொன்றார்கள். அரண்மனை அப்போதும் முடியவில்லை.

பின்னால் வந்தவர்கள் இடிக்கலாமா வேண்டாமா என்று பேசிப் பார்த்தார்கள். இடிக்கிற செலவுக்குக் கட்டியே முடித்துவிடலாம் என்கிற அளவு. கடைசியில் நாடாளுமன்றம் குடிவந்தது, ஒரு பக்கத்தில் நவீன ஓவிய அருங்காட்சியகம், மீதியில் மாநாடு, சுற்றுலா. இன்னும் கேளுங்கள், அதன் பின்புறத்திலேயே ருமேனியத் திருச்சபை அதைவிட உயரமான பேராலயம் ஒன்றை எழுப்பியிருக்கிறது, 2018-இல் முதல் அர்ப்பணிப்புச் சடங்கு. இடிபட்ட தேவாலயங்களுக்குப் பதிலடி என்கிறார்கள், அரசுப் பணத்தில் இவ்வளவு பெரிதாகத் தேவையா என்று திட்டுகிறவர்களும் உண்டு. நான் இரண்டாம் கட்சி.

உங்கள் கேள்வியில் 'மட்டும்' என்ற சொல்லோடுதான் எனக்கு உடன்பாடில்லை. அடுத்த கடிதத்தைப் பாருங்கள்.

கேள்வி: மன்னரும் சர்வாதிகாரியும் கட்டினார்கள், சரி. ஓட்டு வாங்கி வந்தவர்கள்? (வாசகி, சென்னை)

உங்கள் ஊரிலேயே உதாரணம் இருக்கிறதே அம்மா. ஓமந்தூரார் தோட்டத்துப் புதிய தலைமைச் செயலகம், சட்டமன்ற வளாகம். 2010 மார்ச் 13 அன்று பிரதமர் திறந்துவைத்தார். குவிமாடம் முடியவில்லை, விழாவுக்காக சினிமா செட் போலத் தற்காலிகமாக ஒன்றைச் செய்து மேலே உட்கார வைத்தார்கள். ஏன் அவ்வளவு அவசரம்? அடுத்த ஆண்டு தேர்தல். 2011-இல் ஆட்சி மாறியது, சட்டமன்றம் மறுபடி செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கே போனது, புதுக் கட்டடம் 2014-இல் பன்னோக்கு மருத்துவமனை ஆனது. ஒருவர் தன் காலத்தில் திறந்துவிட வேண்டும் என்று பார்த்தார், அடுத்தவர் அதில் உட்கார மாட்டேன் என்று பார்த்தார், இரண்டும் ஒரே நோய். நோயாளிகளுக்குப் படுக்கை கிடைத்தது, அந்த வகையில் லாபம்தான், ஆனால் சட்டமன்றத்துக்கென்று போட்ட கட்டடத்தை ஆஸ்பத்திரியாக மாற்ற இடித்து மறித்துச் செலவழித்தது யார் பணம் என்று கேட்காதீர்கள்.

இதில் வேடிக்கை, எல்லோரும் திரும்பிப் போன கோட்டை கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் சரக்கைப் பாதுகாக்கக் கட்டியது.

கேள்வி: அரசியல்வாதிகள் பெரிய கோவிலின் முன்வாசல் வழியாகப் போனால் பதவி போய்விடும் என்கிறார்களே? (வாசகர், திருச்சி)

பதவி எந்த வாசல் வழியாகப் போனாலும் ஒருநாள் போகும். ஆனால் இந்தப் பயம் நிஜமாகவே இருக்கிறது, பக்கவாசலில் நுழைகிற பெரிய மனிதர்களைத் தஞ்சைக்காரர்கள் பார்த்திருக்கிறார்கள். ராஜராஜன் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். ஆயிரம் ஆண்டு கழித்தும் ஆள்கிறவர்களை நடுங்க வைக்கிறதே.

கேள்வி: அடுத்த மாதம் குடும்பத்தோடு தஞ்சை போகிறோம். கோவிலில் எதைத் தவறவிடக் கூடாது? (வாசகி, பெங்களூரு)

நந்தி முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளுங்கள், எல்லோரும் எடுப்பார்கள், ஆனால் அந்த நந்தி ராஜராஜன் வைத்ததல்ல, நாயக்கர் காலத்தது என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். முருகன் சன்னிதியும் நாயக்கர் வேலை, அம்மன் சன்னிதி பாண்டியர் காலம். வந்த ஒவ்வொருவரும் இந்தக் கோவிலில் தன் கணக்கைச் சேர்த்திருக்கிறார்கள். திருச்சுற்று மாளிகையில் தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் சரபோஜி தன் போன்ஸ்லே வம்சத்தின் கதையையே மராத்தியில் நீளமாக வெட்டி வைத்திருக்கிறார், படிக்க வராவிட்டாலும் அதன் நீளத்தையாவது பாருங்கள். பிறகு விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றி மெதுவாக நடந்து, சோழர் கால எழுத்தில் இரண்டு மூன்று எழுத்தையாவது பிள்ளைகளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ர, ட, ப கிட்டத்தட்ட இன்றைய மாதிரியே இருக்கும், கண்டுபிடித்துவிட்டால் விடவே மாட்டார்கள்.

கருவறையைச் சுற்றியுள்ள சோழர் ஓவியங்களையும், மேல்தளத்தில் 108 கரணங்களில் (நடன நிலைகளில்) 81-ஐ மட்டும் செதுக்கி மீதியை வெறும் கல்லாக விட்டிருப்பதையும் பொதுவாகப் பார்க்க விடமாட்டார்கள், அங்கே கெஞ்சி நேரத்தை வீணாக்க வேண்டாம். ஊருக்குள் அரண்மனைக் கலைக்கூடத்தில் ஒரு வாயிற்காவலர் சிலை உண்டு. சாளுக்கியரின் கல்யாணபுரத்தை அழித்து அங்கிருந்து கொண்டுவந்தது என்று ராஜேந்திரனின் மகன் ராஜாதிராஜன் அதன் பீடத்திலேயே எழுதி வைத்திருக்கிறார், தாராசுரத்திலிருந்து அங்கே வந்து சேர்ந்தது. அதைக் கட்டாயம் பாருங்கள். கோவிலுக்குக் காலையிலேயே போய்விடுங்கள், பத்து மணிக்கு மேல் செருப்பில்லாமல் அந்தக் கல்லில் கால் வைக்க முடியாது.